பீப் அடித்த விஜயதசமி

சென்ற வாரம் என் கல்யாணச் சீர் வரிசையைப் பற்றி எழுதினேன். பீரோ, கிரைண்டர், குத்துவிளக்கு எல்லாம் வந்தன. படித்துவிட்டு என் தங்கை போனில் பிடித்துக்கொண்டாள்.

"கம்ப்யூட்டரை எங்கடி காணோம்? அந்த மானிட்டரை சாமராஜநகர்லேர்ந்து மைசூர் வரைக்கும் மடியில வெச்சுட்டு வந்தவ நான்!"

மறக்கவில்லை. அதைக் கிரைண்டரோடு சேர்த்து ஒரே வரியில் முடிக்க மனம் வரவில்லை. அதற்குத் தனியாக ஒரு வாரம் வேண்டும் என்றுதான் எடுத்து வைத்திருந்தேன். இந்த வாரம் அது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு விஜயதசமி நாள். மைசூரில் மானந்தவாடி சாலையை ஒட்டிய சந்தில் எங்கள் வாடகை வீடு. முன்னறை மேசையில் கம்ப்யூட்டர். முந்தின நாள் ஆயுத பூஜைக்குப் போட்ட சாமந்திச் சரம் மானிட்டரின் தலையில் வாடாமல் இருந்தது. வாசலில் நாலு ஜோடிச் செருப்பு. கிரீஷ் என்கிற இன்ஜினியரிங் மாணவனும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும், காலை டிபன் முடிந்த கையோடு வந்து நாற்காலி பிடித்துவிட்டார்கள். புதிய கார் ரேஸ் கேம் என் பெட்டியில் ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, பல வாரங்களுக்குப் பிறகு திரும்பி வந்த வாடிக்கையாளர்கள்.

தேங்காய் உடைத்துவிட்டு வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டேன்.

உள்ளே விசிறி சுற்றியது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. பிறகு பெட்டியின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பீப். கொஞ்சம் விட்டு இன்னொரு பீப். நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தது.

அணைத்துப் போட்டேன். அதே பீப். மறுபடி அணைத்துப் போட்டேன். பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நான் சுவர் காலண்டரைப் பார்த்தேன். காரணம், வரும் ஞாயிற்றுக்கிழமை முனிராஜு வருவதாக இருந்தார்.

சீரில் வந்த பெட்டி

முனிராஜு யார் என்று சொல்லுமுன் அந்தப் பெட்டி யார் என்று சொல்லிவிடுகிறேன்.

என் சித்தப்பா சாமராஜநகரில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். காலம் மாறுகிறது என்று ஒரு கம்ப்யூட்டரையும் வாங்கிப் போட்டார். சாமராஜநகரில் காலம் அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. இன்ஸ்டிடியூட்டை மூடினார். மூடிய மாதத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. எல்லாரும் என்ன சீர் செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கையில், "பொண்ணுக்கு என் சீர் இதுதான்" என்று அந்த 486 கம்ப்யூட்டரைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டில் விழித்தார்கள். "இதுல மாவு அரைக்க முடியுமா?" என்று என் நாத்தனார் கேட்டாள். முடியாது என்றேன். அதோடு அவர்களுக்கு அதில் இருந்த ஆர்வம் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் சேகர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அவருடைய அப்பாவும் ரயில்வேதான்; சேலத்திலிருந்து வேலைக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பம். சேகர் இரும்பில் செய்த எதையும் கழற்றி மாட்டுவார். கம்ப்யூட்டர் இரும்பு இல்லை என்பதால் அதன் பக்கமே வரமாட்டார். அவரைப் பொறுத்தவரை அது சுவிட்ச் போட்டால் பொழுதுபோகிற ஒரு சாமான்.

இவர் காலையில் ஷிஃப்டுக்குப் போனால் வீட்டில் நான் தனி. சித்தப்பா பெட்டியில் டைப்பிங் பாடங்களோடு நாலைந்து விளையாட்டுகளும் இருந்தன. ஆட ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த கல்லூரிப் பையன்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, நாங்களும் ஆடலாமா? சும்மா வேண்டாம், துட்டு கொடுக்கிறோம்" என்று கிரீஷ்தான் முதலில் கேட்டான். அவன் வீட்டில் கன்னடம். சந்தில் பாதிப் பேர் தமிழ் என்பதால் தமிழும் பழகிவிட்டான்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அரை மணிக்கு இவ்வளவு என்று ஒரு வாடகை வைத்தேன். இவருக்கு முதலில் பிடிக்கவில்லை. வீட்டுக்குள் யார் யாரோ வருகிறார்கள் என்றார். முன்னறையைத் தாண்டி ஒருத்தனும் வரமாட்டான், வந்தால் காலை உடைப்பேன் என்றேன். நான் சொன்னால் செய்வேன் என்று அவருக்கும் தெரியும், பையன்களுக்கும் தெரியும்.

பி.எஸ்சி. படித்துவிட்டு வேலைக்குப் போகாமல் இருந்தது எனக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. அந்தச் சில்லறையைக் கையில் வாங்கும்போது அது குறைந்தது. வெளிப்படையாகச் சொல்கிறேன், தாலி கட்டிய அன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. இதை இவரும் படிப்பார், படிக்கட்டும்.

மெயின் ரோட்டில் கண்ணாடிக் கதவு

சந்தோஷம் ஒன்றரை வருடம்கூட நிற்கவில்லை. மெயின் ரோட்டில் கேம்ஸ் பார்லர் ஒன்று திறந்தார்கள். கண்ணாடிக் கதவு, ஏ.சி., வரிசையாகப் புத்தம் புதுக் கம்ப்யூட்டர்கள். அங்கே ஒரு புதிய கார் ரேஸ் வந்திருந்தது. அதில் கார் வளைவில் திரும்பினால் ரோட்டோரத்து மரமும் கூடவே திரும்புமாம். கிரீஷ் அதைச் சொல்லும்போது அவன் கழுத்தே திரும்பியது.

என் பெட்டியில் அந்தக் கேம் ஏறவே இல்லை. ஏற்றினால் மெமரி போதாது என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும்.

"அக்கா, நீங்க ரொம்ப நல்லவங்க. அங்க அரை மணி ஆச்சுன்னா மூதேவி மணி அடிச்சு எழுப்பி விட்டுடுவான். நீங்க லாஸ்ட் லேப் முடிக்க விடுவீங்க. ஆனா இந்தப் பெட்டி முதுக்கன் ஆயிடுச்சு அக்கா" என்றான் கிரீஷ். முதுக்கன் என்றால் கன்னடத்தில் கிழவன்.

சொல்லிவிட்டுப் போனவன் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. முன்னறை நாற்காலிகளில் துணி மடித்து வைக்க ஆரம்பித்தேன்.

இவர் ரொம்ப நாள் சும்மா இருந்தார். பிறகு ஒரு மாலை, தேவராஜ மொஹல்லாவிலிருந்து ஒருவரை அழைத்து வந்தார். அவர்தான் முனிராஜு. மார்க்கெட்டுக்குப் பின்னால் பழைய டி.வி., டேப் ரிக்கார்டர், கம்ப்யூட்டர் வாங்கி விற்கிற கடை. நல்ல மனிதர். பெட்டியை நாலு பக்கமும் பார்த்து, ஒரு விலை சொன்னார்.

அவர் போனதும் வீட்டில் சண்டை.

"என்னைக் கேக்காம எப்படிக் கூட்டிட்டு வந்தீங்க?"

"கேட்டா வேணாம்பே. இன்னும் ஒரு வருஷம் போனா இந்த விலையும் கிடைக்காது பத்மா. ஓடாத வண்டியை ஷெட்டுல வெச்சு என்ன பண்றது?"

"ஓட வெச்சுக் காட்டறேன்."

"எப்ப?"

தசரா என்று வாயில் வந்துவிட்டது. தசரா லீவில் பையன்களுக்குக் காலேஜ் கிடையாது. அப்போது வராதவர்கள் எப்போதும் வரப்போவதில்லை. அதனால் யோசிக்காமல் சொன்னாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். தசரா முடிந்த ஞாயிற்றுக்கிழமை முனிராஜு ஆட்டோவோடு வருவார். அதற்குள் புது கேம் ஓடி, பையன்களும் திரும்பியிருந்தால் பெட்டி எனக்கு. இல்லாவிட்டால் முனிராஜுவுக்கு. நானே ஒப்புக்கொண்டேன்.

கையில் சாம்பிள்

புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். கையில் இருந்தது பையன்கள் கொடுத்த வாடகையில் மிச்சம் பிடித்தது மட்டும். இவரிடம் கேட்க மாட்டேன் என்று வீம்பு. ஆகவே பழைய பெட்டிக்குள்ளேயே என்ன செய்ய முடியும் என்று பார்த்தேன்.

முதலில் காசில்லாத வேலைகள். சித்தப்பாவின் டைப்பிங் பாடங்களை எல்லாம் அழித்தேன். இடது கை விரல் பயிற்சி, வலது கை விரல் பயிற்சி, அரசுத் தேர்வு மாதிரித் தாள் எல்லாம் போய், கேமுக்கு இடம் கிடைத்தது. அழிக்கும்போது அவர் முகம் ஞாபகம் வந்தது. மன்னியுங்கள் சித்தப்பா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு பட்டனை அழுத்தினேன்.

அடுத்து, கிரீஷ் ஏதோ பத்திரிகையில் படித்ததாக முன்பு எப்போதோ சொன்ன வித்தை. உள்ளே இருக்கிற பெரிய போர்டில் குட்டித் தொப்பி மாதிரி ஒன்று இரண்டு கம்பிகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடுங்கிப் பக்கத்துக் கம்பியில் போட்டால் கம்ப்யூட்டரின் வேகம் கூடும். சூடும் கூடும். புருவம் எடுக்கும் இடுக்கியால் போட்டேன். வேகம் கூடியது. சூடும் சொன்னபடி கூடியது. அதனால் பெட்டியின் மூடியைக் கழற்றிப் பரண் மேல் போட்டுவிட்டு, டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அன்று முதல் அது வயிறு திறந்தபடிதான் ஓடியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், வினை இதில்தான் வந்தது.

காசு வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: ராம். அதுதான் மெமரி. விரல் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை, அதன் மேல் கறுப்புச் சில்லுகள், அடி விளிம்பில் வரிசையாகத் தங்க நிறப் பற்கள். அந்தப் பற்கள் போர்டில் இருக்கும் பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். என் பெட்டியில் நாலு பள்ளம், இரண்டு பட்டை. இன்னும் இரண்டு வாங்கினால் மெமரி இரட்டிப்பு.

மைசூரில் விலை கட்டுபடியாகவில்லை. ரயில்வேக்காரன் பெண்டாட்டிக்கு பாஸ் எதற்கு இருக்கிறது? காலை வண்டியில் ஏறி, பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டுக்குப் போய்விட்டேன். ராமில் பல ஜாதி உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். பெயர்கள் எனக்கு மண்டையில் ஏறவில்லை. அதனால் பழைய பட்டைகளில் ஒன்றைக் கழற்றி, கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டேன். மேட்சிங் பிளவுஸ் வாங்க எந்தப் பெண்ணாவது சேலையை வீட்டில் வைத்துவிட்டுப் போவாளா?

கடைக்காரப் பையன் என் தோளுக்குப் பின்னால் பார்த்தான். "சார் வரலீங்களா மேடம்?"

"சார் வேலைக்குப் போயிருக்காரு. காசு என்கிட்டதான் இருக்கு."

அவன் எடுத்துப் போட்ட முதல் பட்டை என் சாம்பிளை விடக் குட்டை. அடுத்ததில் பற்கள் நெருக்கம். "ஆகும் மேடம், எல்லாம் ஒண்ணுதான்" என்றான். எல்லாம் ஒன்று இல்லை என்று சாம்பிளை மேலே வைத்துக் காட்டினேன். மூன்றாவது கடையில்தான் பொருந்தியது. பழையது, யாரோ கழற்றிப் போட்டது. டெஸ்ட் செய்து காட்டாமல் வாங்க மாட்டேன் என்று ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் முனகிக்கொண்டே பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிக் காட்டினார். விலை பேசினேன். அவர் தலையில் கை வைத்துக்கொள்ளும்வரை பேசினேன். அதற்கப்புறமும் கொஞ்சம் பேசினேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கேம் ஓடியது. பார்லர் அளவுக்குப் பளபளப்பு இல்லை. படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினேன், தூரத்து மலைகளை நிறுத்தினேன். ஆனால் கார் வளைவில் திரும்பியபோது மரமும் திரும்பியது. ஷிஃப்ட் முடிந்து வந்த இவர், லஞ்ச் பையைக்கூடக் கீழே வைக்காமல் கதவோரம் நின்று பார்த்தார். நான் பட்டைகளைக் கழற்றிக் கழற்றி மாட்டிச் சரிபார்த்ததையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை கிரீஷைத் தெருவில் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். "நாளைக்கு வாங்க" என்றேன். அன்று ஆயுத பூஜை, எதையும் இயக்கக் கூடாது.

யார் வைத்த பொட்டு

இப்போது அந்தக் காலைக்கு வருவோம். பீப் அடித்துக்கொண்டே இருந்தது.

"ராம் சரியா கூத்துக்கலை அக்கா" என்றான் கிரீஷ். உட்காரவில்லை என்பதை அவன் கன்னடத்தையும் தமிழையும் ஒட்டவைத்து அப்படித்தான் சொல்வான்.

மூடி இல்லாத பெட்டிக்குள் கையை விட்டேன். பட்டைகள் நிமிர்ந்துதான் நின்றன. கொக்கியை விலக்கி, புதிய பட்டைகளில் ஒன்றை வெளியே எடுத்தேன்.

தங்க நிறப் பற்களின் மேல் வரிசையாக மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். ஒரு நாள் முழுக்கக் காய்ந்து, பொருக்கு தட்டி இருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதிலும் மூன்று. பழைய பட்டைகளுக்கும் குறை வைக்கவில்லை.

எனக்குப் பின்னால் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"நான்தான் வெச்சேன்" என்றார் இவர்.

மைசூரில் ஆயுத பூஜை என்றால் ஒர்க்‌ஷாப்பில் பெரிய விசேஷம். இவர்கள் லேத்தின் தலையில் மட்டும் பொட்டு வைத்துவிட்டுப் போகிறவர்கள் இல்லை. வெட்டும் டூலைக் கழற்றி, எண்ணெய் போகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, திரும்பப் பொருத்திவிட்டுத்தான் மாலை போடுவார்கள். வேலை செய்கிற உறுப்புக்குத்தான் பூஜை, கூட்டுக்கு இல்லை என்பது அங்கே வழக்கம். முந்தின வருடம் என் கம்ப்யூட்டருக்கு மேலாக ஒரு பொட்டுதான். அந்த வருடம், நான் குளிக்கப் போயிருந்தபோது, அதற்கு ஒர்க்‌ஷாப் மரியாதை செய்திருக்கிறார். எப்படிக் கழற்றுவது என்று முதல் நாள் என்னைப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறார்.

"ஏன் அந்த இடத்துல வெச்சீங்க?"

"மத்த இடமெல்லாம் கறுப்பா இருந்துச்சு. பொட்டு எடுப்பா தெரியாது. அந்த ஓரம்தான் தங்கமாட்டம் மின்னுச்சு."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பட்டையை வீசியிருப்பேன். காசு போட்டு வாங்கியது என்பதால் வீசவில்லை. "உங்க லேத்துக்கும் இப்படித்தான் பண்ணுவீங்களா?" என்று கத்தினேன்.

"வருஷா வருஷம் பண்றோம். அது ஒரு நாளும் பீப் அடிச்சதில்ல" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே குழம்பிப் போய்ச் சொன்னார்.

பையன்களில் ஒருத்தன் சிரித்துவிட்டான். கிரீஷ் அவன் காலை மிதித்தான். "அக்கா, நாங்க ஜம்பூ சவாரி பாத்துட்டு அப்புறம் வர்றோம்" என்று எழுந்தார்கள். அப்புறம் என்றால் மெயின் ரோட்டுக் கண்ணாடிக் கதவுதான் என்று எனக்குத் தெரியாதா? செருப்புச் சத்தம் சந்தைத் தாண்டிப் போகும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

விற்கச் சொன்ன மனிதர், பெட்டியை மதித்துச் செய்த முதல் காரியம் அதைக் கெடுத்துவிட்டது. திட்டவும் முடியவில்லை, திட்டாமல் இருக்கவும் முடியவில்லை. இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

ஊர் முழுக்க ஊர்வலத்தில்

விஜயதசமி மதியம் மைசூரில் வீட்டில் இருப்பவர்கள் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள் மட்டும்தான். ஜம்பூ சவாரி என்கிற யானை ஊர்வலத்தைப் பார்க்க எங்கள் சந்தே காலியானது. வீட்டுச் சொந்தக்காரம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "பர்த்தீரா?" என்று கேட்டார். வருகிறீர்களா என்று. இவர், "இல்லம்மா, வீட்டுல மெஷின் ரிப்பேர்" என்றார். கூடவே இருந்தார்.

பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தேன். சந்தனம் உதிர்ந்தது, குங்குமம் சிவப்பாக ஈஷியது. ரப்பரின் சுத்தமான பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தேய்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இவருக்குக் கை பரபரத்தது.

"எமரி பேப்பர் இருக்கு, கொண்டு வரவா? ஒரே இழுப்புல போயிடும்."

"தங்கமும் சேந்து போயிடும். அதைத் தொட்டீங்கன்னா பாருங்க."

கையை மடியில் வைத்துக்கொண்டார்.

பழைய பட்டைகள் இரண்டையும் முதலில் மாட்டினேன். பீப் நின்றது. திரையில் எண்கள் ஏறின. கம்ப்யூட்டர் தன் மெமரியை எண்ணிப் பார்க்கும். எட்டாயிரத்துச் சொச்சத்தில் நின்றது. பாதி பிழைத்துவிட்டது. புதியதையும் சேர்த்து மாட்டினேன். பீப்.

பட்டைகள் சுத்தம். அப்படியானால் பள்ளத்துக்குள் சந்தனம் விழுந்திருக்கிறது. டார்ச் அடித்துப் பார்த்தோம். மெல்லிய கம்பிகளுக்கு நடுவில் மஞ்சள் தூள். புது டூத் பிரஷ் ஒன்றை எடுத்துத் தட்டினேன். நாரில் பாதி உள்ளே போகவில்லை. ஊசி விடப் பயம், கம்பி வளைந்தால் பள்ளமே போய்விடும்.

இவர் எழுந்து போய், யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்த பத்திரிகையைக் கொண்டு வந்தார். அட்டையின் ஓரத்தைக் கத்தரித்து, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி கத்தரித்து, பட்டையின் கனத்துக்குச் சரியாக ஒரு துண்டு ஆக்கினார். "இதை விட்டு இழு. கம்பியை விட அட்டை மெத்து. ஒண்ணும் ஆகாது" என்றார்.

நான் இழுத்தேன், அவர் டார்ச் பிடித்தார். அட்டை மஞ்சளாக வெளியே வந்தது. அடுத்த துண்டை வெட்டினார். அதுவும் மஞ்சள். மூன்றாவது பள்ளம் சுத்தமாகி, நாலாவதுக்கு வந்தபோது அரண்மனைப் பக்கம் பீரங்கி அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி மெல்ல நடுங்கியது. யானை கிளம்பிவிட்டது என்று தெரிந்தது. இரண்டு பேரும் தலை நிமிரவில்லை.

"உனக்குக் கோவம் போச்சா?" என்றார் டார்ச்சைப் பிடித்தபடி.

"இல்ல. வெளிச்சத்தைச் சரியா காட்டுங்க."

சரியாகக் காட்டினார்.

வெளியே வந்த அட்டை வெள்ளையாக இருந்தபோது நாலு பட்டைகளையும் மாட்டினேன். சுவிட்சைப் போடச் சொல்லி இவரைக் கையைக் காட்டினேன். எனக்குப் போடத் தைரியம் இல்லை.

பீப் ஒன்றே ஒன்று அடித்தது. அது எல்லாம் சரி என்று அடிக்கிற பீப். எண்கள் ஏற ஆரம்பித்தன. எட்டாயிரத்துக்கு வந்தது. எட்டாயிரத்தைத் தாண்டியது. பன்னிரண்டாயிரத்தைத் தாண்டி, பதினாறாயிரத்துச் சொச்சத்தில் போய் நின்றது.

"இது என்ன நம்பர்?" என்றார் இவர்.

நான் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய், "மறுபடி கெட்டுடுச்சா?" என்று கேட்டார். இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை

மறுநாள் நானே பையன்களின் மாடிப்படி ஏறிக் கதவைத் தட்டினேன். "ஓடுது, வாங்க" என்றேன். கிரீஷ் நம்பவில்லை. பார்க்க மட்டும் வந்தான். பொழுது சாயும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் அவன் வகுப்புப் பையன்கள் வந்தார்கள். யார் அடுத்து என்று சண்டை போட்டார்கள். பார்லரில் மணி அடித்ததும் பாதி வளைவில் எழுந்து வர வேண்டியிருப்பது அவர்களுக்கு உண்மையிலேயே கடுப்பாக இருந்திருக்கிறது. என் முன்னறையில் ஏ.சி. இல்லை, ஒரே டேபிள் ஃபேன், அதுவும் கம்ப்யூட்டரைப் பார்த்து. வியர்த்து வழிந்தபடி ஆடினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முனிராஜு சொன்னபடி வந்தார். வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லாமல், ஓரமாகக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன சேகர், கட்டிடலாமா? ஆட்டோ நிக்குது."

பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள். திரையில் கிரீஷின் கார் தானாகப் போய் மரத்தில் மோதியது. வாக்குக் கொடுத்தவர் இவர். இவர் முகம் ஒரு நொடி சிவந்தது. பிறகு, "அண்ணே, என்கிட்ட கேக்காதீங்க. அது அவங்க மெஷின். அவங்களைக் கேளுங்க" என்றார். என்னை வாங்க போங்க என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

முனிராஜு என் பக்கம் திரும்பினார்.

"விக்கிறதா இல்லீங்கண்ணா" என்றேன்.

"என்னம்மா இது, ஆட்டோ வேற வெச்சுட்டு வந்துட்டேன்."

"ஆட்டோவை அனுப்பிடாதீங்க. நானும் வரேன். உங்க கடையில இதே மாதிரி பழசு ஒண்ணு இருந்தா எடுத்துக்கறேன். கெட்டுப் போனதா இருந்தாலும் பரவாயில்ல."

அவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், வியர்வையில் நனைந்து நின்ற பையன்களைப் பார்த்தார். சிரிப்பதா, கோபித்துக்கொள்வதா என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதற்குள் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். "நீ போயிட்டு வா, நான் நேரம் பாத்துக்கறேன்" என்று இவர் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆட்டோ மார்க்கெட் பக்கம் திரும்பியது. முனிராஜு வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு இருக்கும்மா."

"ரெண்டையும் காட்டுங்க" என்றேன்.